பேங்குக்குக் கட்டவேண்டிய காசை இடைத்தரகருக்குக் கட்டுவதா?

தெலுக் இந்தான் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். குலை வெட்டும் தோழர் ஒருவர் ஓரமாக வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் பிரிக்காத கடிதங்கள்.

"அண்ணே, ரெண்டு நிமிஷம் பேசணும். வீட்டு லோன் விஷயம். மூணு மாசம் கட்டல. டவுன்ல ஒரு ஆளு பேங்குல பேசி மாசக் கட்டணத்தைக் குறைச்சுத் தர்றேங்கிறாரு. 3,500 வெள்ளி கேக்குறாரு. முன்பணம் 2,000. நாளைக்குள்ள கொடுத்தாத்தான் முடியுமாம். கொடுக்கலாமாண்ணே?"

"காசுக்கு என்ன வழி தம்பி?" என்று கேட்டோம்.

அவர் பேசவில்லை. பின்னால் நின்றிருந்த அவர் மனைவிதான் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக் காட்டினார். மறுநாள் காலை அடகுக் கடைக்குப் போவதாக இருந்தார்கள்.

இந்த வாரம் இதைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். ஏனென்றால் இது ஒரு தம்பியின் கதை அல்ல. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குப் போன நம் மக்கள் பல பேரின் கதை. தோட்டத்தில் இருந்தவரை வீடு கம்பெனியுடையது. வேலை போனால் லயத்தையும் காலி செய்ய வேண்டும். தாத்தாவும் அப்பாவும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆனபோது நம்மவர்கள் பட்ட பாடு பத்திரிகை வாசகர்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் கெரானில் தன் பெயர் ஏறிய வீடு என்றால் நம் குடும்பத்தில் அதற்குத் தனி மரியாதை. மலிவு வீட்டின் விலை ஒரு காலத்தில் 25,000 வெள்ளி. 1998இல் அந்த வரம்பு இடத்துக்கு ஏற்ப 42,000 வெள்ளி வரை போனது. இன்று அந்த விலைக்கு வீடு கேட்டால் சிரிப்பார்கள். லட்சத்தைத் தாண்டிக் கடன் வாங்கித்தான் வீடு. கம்பெனி கையில் இருந்த வீடு பேங்க் கையில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஒரு பெரியவர் நம்மிடம் சொன்னார். முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆனால் தவணை தவறிய வீட்டில் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

தம்பியின் கணக்கைப் பார்ப்போம். பாக்கிக் கடன் 120,000 வெள்ளி. இன்னும் 25 ஆண்டு கட்ட வேண்டும். வட்டி 4.25 விழுக்காடு. மாதக் கட்டணம் 650 வெள்ளி. மூன்று மாதப் பாக்கி 1,950 வெள்ளி. மனைவி வேலை செய்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. வீட்டுக்கு இப்போது ஒரே சம்பளம்.

இந்த மாதக் கட்டணமே எப்படி ஏறியது தெரியுமா? 2020 ஜூலையில் பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம் 1.75 விழுக்காடாக இருந்தது. 2022 மே மாதம் ஏற ஆரம்பித்து 2023 மே மாதம் 3 விழுக்காடுக்கு வந்து நின்றது. 2025 ஜூலையில்தான் 2.75க்கு இறங்கியது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இது நேராக மாதக் கட்டணத்தில் விழும். 120,000 வெள்ளிக் கடன், 25 ஆண்டு என்று வையுங்கள். வட்டி 3 விழுக்காடாக இருந்தால் மாதம் ஏறக்குறைய 569 வெள்ளி. அதே கடனுக்கு 4.25 என்றால் 650. மாதம் 81 வெள்ளி கூடுதல்! வேறொரு வீடு வாங்கவில்லை, ஓர் அறை கூட்டிக் கட்டவில்லை. சும்மா இருந்த வீட்டுக்கு 81 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளியானது, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது என்று நாம் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியில் ஒரு பங்கை வட்டி தின்றுவிட்டது.

இப்போது கேள்விக்கு வருவோம். இடைத்தரகர் கேட்பது 3,500. பாக்கி 1,950. அடகு வைத்து 3,500 புரட்ட முடியும் என்றால், அந்தக் காசில் மூன்று மாதப் பாக்கியையும் கட்டி, அதற்கு மேல் இரண்டு மாதத் தவணையும் கட்டி, மீதி 250 வெள்ளிக்கு வீட்டுச் சாமானும் வாங்கலாம். நோயைத் தீர்க்க வந்த மருந்தின் விலை நோயைவிடப் பெரியது! இதை நாம் ஒரு பழைய சம்பளக் கவரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியபோது தம்பி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை நான் யோசிக்கலையே அண்ணே" என்றார்.

யோசிக்காதது அவர் குற்றமல்ல. பயம் வந்த இடத்தில் கணக்கு நிற்காது. நாமும் தோட்டப் பள்ளியில் படித்தவர்கள்தான். மலாயில், ஆங்கிலத்தில் அச்சடித்து, 'வழக்கறிஞர்' என்ற சொல்லோடு ஒரு கடிதம் வந்தால் இன்றைக்கும் நம் வயிற்றில் ஏதோ புரளத்தான் செய்கிறது. ஏர்கோன் போட்ட பேங்கில் டை கட்டிய பையன் முன்னால் உட்கார்ந்து "என்னால் கட்ட முடியவில்லை" என்று சொல்ல வேண்டும் என்றால், அதற்குப் பதில் 3,500 வெள்ளியைக் கொடுத்துத் தொலைக்கலாம் என்று தோன்றும். இடைத்தரகர் விற்பது கடன் உதவி அல்ல. அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார வேண்டாம் என்ற ஆறுதல். அதற்குத்தான் இந்த விலை.

அவர் பேங்கில் செய்யப் போவது என்ன? உங்கள் சம்பளச் சீட்டு, பேங்க் கணக்கு அறிக்கை, ஐசி நகல், வேலை போன கடிதம் — இவற்றை உங்களிடமே வாங்கி, பேங்கின் பாரத்தில் எழுதி, பேங்கில் கொடுப்பார். முடிவு செய்வது பேங்க். அவர் கொடுத்தாலும் அதே பாரம், நீங்கள் கொடுத்தாலும் அதே பாரம். 'உள்ளே எனக்கு ஆள் இருக்கு' என்பார். பேங்குக்குள் ஆள் எல்லாருக்கும்தான் இருக்கிறது, கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார்! இந்த மனுவுக்கு மலாயில் 'பென்ஜாடுவாலான் செமுலா' என்று பெயர். தவணைக் காலத்தை மாற்றியமைப்பது. நிபந்தனைகளையும் சேர்த்து மாற்றினால் 'பென்ஸ்துருக்துரான் செமுலா' என்பார்கள். கடன் கொடுத்த கிளைக்குப் போய், "சாயா நாக் மொஹோன் பென்ஜாடுவாலான் செமுலா பின்ஜாமான் ருமா" என்று சொன்னால் போதும். தம்பியை இதை மூன்று தடவை சொல்லச் சொன்னோம். நான்காவது தடவை அவர் மனைவி சொன்னார், அவரைவிட நன்றாக.

பேங்குகள் மேலும் நமக்குக் கோபம் உண்டு. கடன் கொடுக்கும்போது தேடி வந்து கொடுக்கிறார்கள். கட்ட முடியாதபோது 'இப்படி ஒரு மனு இருக்கிறது, வந்து போடுங்கள்' என்று நம் மொழியில் ஒரு வரி எழுதி அனுப்ப அவர்களுக்கு மனம் வருவதில்லை. அந்த ஒரு வரி இல்லாத இடத்தில்தான் இடைத்தரகர் கடை போடுகிறார்.

பேங்க் மறுத்தால்? அல்லது வீட்டுக் கடனோடு கார் கடன், மோட்டார் சைக்கிள் கடன், கிரெடிட் கார்டு எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தால்? அதற்கு ஏகேபிகே இருக்கிறது. கடன் ஆலோசனைக்கும் கடன் நிர்வாகத்துக்கும் என்று பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டு அமைத்த நிறுவனம். ஈப்போ, பினாங்கு, ஜொகூர் பாரு என்று பல பட்டணங்களில் கிளை உண்டு. வரவு செலவை எழுதிப் பார்த்து, எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் போட்டு, அவர்களே பேங்குகளிடம் பேசி ஒரு திட்டம் போட்டுக் கொடுப்பார்கள். கட்டணம் ஒரு காசும் இல்லை. இடைத்தரகர் 3,500 வெள்ளிக்குச் செய்கிறேன் என்பதை அரசாங்க ஏற்பாட்டில் சும்மா செய்கிறார்கள். இந்தச் செய்தி நம் மக்களிடம் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. அந்தக் கூட்டத்தில் கேட்டோம். நாற்பது பேரில் மூன்று பேர் கை தூக்கினார்கள்.

ஏகேபிகேயும் மந்திரக்கோல் அல்ல. சாப்பாடு, பள்ளிச் செலவு போகக் கையில் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும். ஒன்றுமே மிஞ்சாதவருக்கு அவர்களாலும் திட்டம் போட முடியாது. நீதிமன்ற வழக்கு முற்றிய பிறகு போனாலும் சேர்க்க மாட்டார்கள். திட்டத்தில் இருக்கும்போது புதுக் கடன் எடுக்கும் எண்ணத்தை மறந்துவிட வேண்டும். ஆலோங்கிடம் வாங்கிய கடன் அவர்கள் கணக்கில் வராது. அது வேறு விவகாரம், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆக, போவதென்றால் சீக்கிரம் போக வேண்டும்.

சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம்? முதல் மாதம் தவறும்போதே. மூன்று மாதம் தாண்டினால் கெட்ட கடன் கணக்கில் போய்விடும். அப்புறம் வழக்கறிஞர் கடிதம். கெரான் உள்ள வீடு என்றால் தேசிய நிலச் சட்டப்படி '16டி' என்ற பாரத்தில் நோட்டீஸ் வரும். பாக்கியைத் தீர்க்கப் பொதுவாக ஒரு மாதம் தவணை கொடுக்கும். அதற்கும் பதில் இல்லை என்றால் விற்பனை உத்தரவுக்கு நீதிமன்றமோ நில அலுவலகமோ போவார்கள். பிறகு லெலோங். தனிக் கெரான் இன்னும் வராத அடுக்குமாடி வீடு என்றால், உங்கள் கடன் ஒப்பந்தப்படி நீதிமன்றம் போகாமலே பேங்க் ஏலம் விடவும் கூடும். அவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முதல் ஏலத்தில் ஆள் வராவிட்டால் விலையைக் குறைத்து மறுபடி ஏலம். வீடு போன பிறகும், ஏலத் தொகை கடனுக்குப் போதாது என்றால் மிச்சக் கடன் உங்கள் தலையில்தான். வீடும் இல்லை, கடனும் தீரவில்லை! அந்த மிச்சத்துக்கு வழக்குப் போடலாம். கடன் 100,000 வெள்ளியைத் தொட்டால் திவால் நடவடிக்கை வரைக்கும் போகலாம். இடைத்தரகர் பலர் 'பேங்குக்குக் கட்டாதீங்க, அவங்க போன எடுக்காதீங்க, நான் பாத்துக்கிறேன்' என்பார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் 16டி வருகிறது. நமக்கு அவர்கள் மேல் வருத்தம் 3,500 வெள்ளிக்காக மட்டுமல்ல. அவர்கள் தின்பது காசைவிட நாளை.

இது நம் நாட்டு வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2008இல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் நெருக்கடி வந்து குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வீட்டை இழந்தன. 2009இல் அந்நாட்டு அரசாங்கம் மாதக் கட்டணத்தைக் குறைத்து மாற்றியமைக்கும் திட்டம் கொண்டுவந்தது. மனுப் போடக் கட்டணம் இல்லை. ஆனாலும், 'கடனை மாற்றித் தருகிறோம், முன்பணம் கொடுங்கள், பேங்கோடு பேசாதீர்கள்' என்று கம்பெனிகள் முளைத்தன. வார்த்தைக்கு வார்த்தை நம் டவுன் ஆள் பேசும் அதே பேச்சு! காசை வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் போனார்கள். கடைசியில் 2010இல் அங்குள்ள வர்த்தக ஆணையம் ஒரு விதி போட்டது. கடன் கொடுத்தவர் எழுத்து மூலம் சலுகை கொடுத்து, அதை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் இடையில் நின்றவர் கூலி வாங்கலாம். அதற்கு முன் ஒரு காசு வாங்கக் கூடாது. முன்பணத் தடை 2011 ஜனவரி கடைசியில் அமலுக்கு வந்தது. அந்த விதி நம் வாசலில் காவல் நிற்காது. ஆனால் அதை நாமே நமக்குப் போட்டுக்கொள்ளலாம் அல்லவா? 'பேங்க் கடிதம் முதல்ல கையில வரட்டும், கூலிய அப்புறம் பேசிக்கலாம்' என்று டவுன் ஆளிடம் சொல்லிப் பாருங்கள். நின்று பேசுகிறாரா, போனை வைக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு வீட்டுக் கதை. புருஷன் மாரடைப்பில் போன ஓர் அம்மா. கடனை 'என் பேருக்கு மாத்தி, கட்டணத்தைக் குறைச்சுத் தர்றேன்னு சொன்னாரு' என்று ஒருவரிடம் 2,800 வெள்ளி கொடுத்திருந்தார். ஆறு மாதம் அலைந்த பிறகு நம்மிடம் வந்தார். பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்தால், கடன் வாங்கும்போதே எம்ஆர்டிஏ காப்புறுதி எடுத்திருக்கிறார்கள்! கடன் வாங்கியவர் இறந்துபோனாலோ நிரந்தரமாக முடமாகிப்போனாலோ பாக்கிக் கடனைக் கட்டுவதற்கென்றே எடுக்கும் காப்புறுதி அது. மரணச் சான்றிதழையும் பாரத்தையும் பேங்கில் கொடுக்க வேண்டியதுதான் வேலை. 2,800 வெள்ளி வாங்கியவர் அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பாரா என்று நமக்குச் சந்தேகம். வீட்டில் ஒரு சாவு, ஒரு பெரிய விபத்து நடந்திருந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன் எம்ஆர்டிஏ இருக்கிறதா என்று பாருங்கள். இஸ்லாமியக் கடன் என்றால் எம்ஆர்டிடி என்று போட்டிருக்கும். கடன் முழுவதுக்கும் காப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. சிலர் குறைந்த தொகைக்கு, குறைந்த ஆண்டுக்கு எடுத்திருப்பார்கள். இருப்பதை வாங்காமல் விட்டுவிடக் கூடாது.

ஊழியர் சேமநிதியிலும் ஒரு வழி உண்டு. வீட்டுக் கடனைக் குறைப்பதற்குச் சேமநிதியிலிருந்து எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்குகளைப் பிரித்த பிறகு அது 'செஜாத்ரா' கணக்கிலிருந்து வரும். இதற்கும் ஆள் பிடித்துக் கமிஷன் கொடுத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சேமநிதி வாரியம் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் காசை உங்களுக்கே எடுத்துக் கொடுக்க இன்னொருவருக்குப் பங்கு எதற்கு? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அது வயதான காலத்துச் சோறு. வீடு போகும் நிலை வந்தால் எடுங்கள். கட்டணம் கொஞ்சம் பாரமாக இருக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள்.

தவணையை நீட்டுவதும் இனாம் அல்ல, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். தம்பிக்கு 38 வயது. 25 ஆண்டை 32 ஆண்டாக நீட்டினால் மாதக் கட்டணம் 650லிருந்து ஏறக்குறைய 572க்கு இறங்கும். மாதம் 78 வெள்ளி மிச்சம். ஆனால் மொத்தத்தைப் பெருக்கிப் பாருங்கள்: முன்பு 195,000, இப்போது 219,700 சுமார். ஏறக்குறைய 24,700 வெள்ளி கூடுதலாகக் கட்டி, 70 வயதில் கடன் முடிகிறது. 'கட்டணத்தைக் குறைச்சுத் தந்தேன் பாருங்க' என்று இடைத்தரகர் மார் தட்டும்போது இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் தவணை ஒத்திவைப்புக் கொடுத்தார்களே, அப்போதும் இதே கதைதான். கட்ட வேண்டாம் என்றார்கள். வட்டி நின்றுவிட்டது என்று நம்மவர் பலர் நினைத்தார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ மட்டும் குறைத்துக் கட்ட முடியுமா என்பது. வேலை போனது தற்காலிகக் கஷ்டம் என்றால் தற்காலிக மருந்தே போதும். அது நடக்காவிட்டால்தான் ஆண்டுக்கணக்கில் நீட்ட வேண்டும். நீட்டினாலும், கையில் காசு வரும்போது கூடுதலாகக் கட்டலாமா, கட்டினால் அசலில் கழிப்பார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அப்படியென்றால் யாருக்குமே காசு கொடுக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டோம். நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்துவிட்டால் வழக்கறிஞர் வேண்டும், அவருக்குக் கொடுப்பது நியாயமான காசு. வசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். வேறு பேங்குக்குக் கடனை மாற்றினால் வழக்கறிஞர் கட்டணம், முத்திரைக் கட்டணம், வீட்டு மதிப்பீட்டுக் கட்டணம் உண்டு. அவை ரசீதோடு வரும் செலவு. பாரம் எழுதத் தெரியாத கிழவிக்கு யாராவது எழுதிக் கொடுத்து இருபது வெள்ளி வாங்கினால் அதையும் குற்றம் சொல்ல மாட்டோம். டவுனில் இருப்பவர் எல்லாரும் திருடர் என்பதும் நம் கட்சி அல்ல. சிலர் நேர்மையாகவே பாரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கொடுத்ததற்கு 3,500 என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

சிலவற்றுக்கு மட்டும் கதவைச் சாத்திவிடுங்கள். ஏடிஎம் கார்டைக் கேட்கிறவர், வெற்றுப் பாரத்தில் கையெழுத்துக் கேட்கிறவர், வீட்டுக்குப் பவர் அதிகாரம் எழுதிக் கேட்கிறவர், 'சிசிரிஸ்ல உங்க பேரை அழிச்சுத் தர்றேன்' என்கிறவர். சிசிரிஸ் என்பது பேங்க் நெகாராவின் பதிவேடு. கடைசி 12 மாதம் எப்படிக் கட்டினீர்கள் என்பது அதில் இருக்கும். டவுனில் கடை போட்டவர் அதில் ஓர் எழுத்தையும் அழிக்க முடியாது. ஒழுங்காகக் கட்ட ஆரம்பித்தால் மாதம் போகப் போகப் பழைய பாக்கி தானாக அந்த 12 மாதப் பட்டியலிலிருந்து நகர்ந்துவிடும். எல்லாக் கடனையும் ஒன்றாக்கித் தருகிறேன் என்று வேறொரு பெரிய கடனுக்கு இழுத்துப் போகிறவரும் உண்டு. 4 விழுக்காட்டு வீட்டுக் கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு வாங்கச் சொல்கிறவர் யாருக்கு வேலை செய்கிறார் என்று யோசியுங்கள்.

தம்பி கதையை முடித்துவிடுகிறோம். மறுநாள் அடகுக் கடைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் கணவனும் மனைவியும் பேங்குக்குப் போனார்கள். கூட வரவா என்று கேட்டோம். 'வேணாண்ணே, நாங்களே கேட்டுப் பாக்குறோம்' என்றார் அந்தத் தங்கச்சி. ஆட்குறைப்புக் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பேங்க் அறிக்கை எல்லாம் அதே பிளாஸ்டிக் பையில். முதல் கவுண்டரில் தெரியாது என்று சொல்லி இரண்டாவது இடத்துக்கு அனுப்பினார்களாம். அங்கே ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்களாம். பாரத்தை வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்தி நகல் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம்; கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வேலை போனதற்குச் சொக்சோவின் இஐஎஸ் உதவி கேட்டும் மனுப் போட்டாயிற்று. இதை அவர் ஆட்குறைப்பு ஆன உடனேயே போட்டிருக்க வேண்டும். தொழிற்சாலையில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த கட்டணம். பழைய பாக்கியைப் பிறகு வரும் தவணைகளில் சேர்த்துக் கட்டலாம். காலத்தை நீட்டுவதைப் பற்றி ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. கிடைத்ததற்குச் செலவு பஸ் கட்டணமும் போட்டோ ஸ்டாட் காசும்.

சங்கிலி கழுத்தில் இருக்கிறது. ஆனால் டவுன் ஆளிடம் இரண்டு பேருடைய ஐசி நகலையும் சம்பளச் சீட்டையும் முன்பே கொடுத்துவிட்டிருந்தார்கள். திருப்பிக் கேட்டால் 'பைல் திறந்தாச்சு, 500 வெள்ளி கட்டிட்டு வாங்கிக்கோங்க' என்கிறாராம். அந்த 500ஐக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். போலீசில் ஒரு புகார் எழுதிக் கொடுத்து அதன் நகலைப் பேங்கிலும் கொடுத்து வைக்கச் சொன்னோம். சனிக்கிழமை காலை அவர்களோடு நிலையத்துக்குப் போகிறோம்.